கை பழகும் வழியும் ஊருக்குச் செல்லும் வழியும்: தமிழகப் பொறியியல் கல்வியில் செய்முறைப் பயிற்சியின் வரலாறு, காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பார்வை

எண்ணூர் கழிமுகத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழிகளுமாக, ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல்திட்டு காட்டுப்பள்ளி. பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிறிய நிலப்பரப்பில் ஒரு பொறியியல் மாணவர் பார்க்க வேண்டியவை அநேகமாக எல்லாமே இருக்கின்றன. தெற்கே 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். அதையடுத்து எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய கப்பல் கட்டும் தளமும், 2013-ல் இயங்கத் தொடங்கி 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போன காட்டுப்பள்ளித் துறைமுகமும். அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று பழுதுபார்ப்புக்காக முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, 2022 ஆகஸ்டில், வந்து நின்றது இந்தத் தளத்தில்தான். கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள மீஞ்சூர் ஆலை 2010-ல் இங்கே இயங்கத் தொடங்கியது. அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இவற்றுக்கிடையே, இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே, மீனவக் குப்பங்கள்.

கவரைப்பேட்டை, பஞ்செட்டி, ஆவடி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு இப்பகுதி வெகு தொலைவில்லை. 'ஐ.வி.' என்று மாணவர்கள் சொல்லும் தொழிற்சாலைப் பார்வைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. ஆனால் அந்தப் பயணத்தின் வழக்கமான பாதை ஆலையின் நுழைவாயிலில் தொடங்கி அங்கேயே முடிகிறது. குடிநீர் ஆலையில் எதிர்ச் சவ்வூடு பரவலின் அழுத்தம் எத்தனை பார் என்பது பதிவேட்டில் ஏறும். அடுத்த குப்பத்துக் கிணற்றில் உப்பு எப்போதிலிருந்து கரிக்கிறது என்பது ஏறாது. மதில் சுவருக்கு உள்ளே இருப்பது பாடம், வெளியே இருப்பது சேவை என்ற இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழகத்தில் கையால் செய்து கற்கும் வழி ஒன்றும், ஊருக்குள் சென்று உழைக்கும் வழி இன்னொன்றும் தனித்தனியாக வளர்ந்தன. இரண்டும் சந்தித்த தருணங்கள் தனிமனிதர்களின் முனைப்பாலோ பேரிடரின் நெருக்கடியாலோ நேர்ந்தவை. பாடத்திட்டம் அவற்றை ஒரு நாளும் முழுமனதோடு சேர்த்துவைக்கவில்லை.

களத்தில் பிறந்த பள்ளி

1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளரும் அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் யோசனை சொல்ல, ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்பேற்க, எட்டு மாணவர்களோடு அது தொடங்கியது. அந்தச் சிறுவர்கள் சென்னையின் அனாதை ஆசிரமத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள். கம்பெனிக்கு நிலவரி வேண்டும். அதற்கு நிலத்தை அளக்க வேண்டும். ஏரியையும் வாய்க்காலையும் பழுதுபார்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அளவையாளர்களைக் கொண்டுவரச் செலவு அதிகம் என்பதால் இங்கேயே ஆள் பழக்கினார்கள். எனவே இந்த நாட்டின் நவீனப் பொறியியல் கல்வி கரும்பலகையின் முன்னால் பிறந்ததல்ல. வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் பிறந்தது. அது யாருக்காகப் பிறந்தது என்பது வேறு விஷயம். அளக்கப்பட்ட ஊரின் தேவை அந்தப் பள்ளியின் பாடத்தில் இல்லை; அளக்கச் சொன்ன அரசின் தேவை இருந்தது.

அந்தப் பயிற்சியின் தன்மையைச் சற்று அருகில் பார்க்கலாம். கண்டர் சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணிகள் கொண்டது. முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் பிடித்து நடக்கிறார்கள். முன்னவர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஓர் இரும்புக் குச்சியை நட்டுச் செல்ல, பின்னவர் அதைப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டே வருகிறார். கையில் சேர்ந்த குச்சிகளின் எண்ணிக்கையே கடந்த தூரம். நாள்பட இழுபட்ட சங்கிலியின் வளையங்கள் தேய்ந்து, சங்கிலி கொஞ்சம் நீண்டுவிடும். நீண்ட சங்கிலி உண்மையான தூரத்தைக் குறைத்துக் காட்டும். அதைத் திருத்த, அளந்த எண்ணைச் சங்கிலியின் மெய்யான நீளத்தால் சரிக்கட்ட வேண்டும். பிழை என்பது கருவிக்குள்ளேயே இருக்கிறது, அளப்பவர் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற பாடம் வெயிலில் நடந்தவர்களுக்கே மனத்தில் பதியும். தமிழகத்தின் பழைய புலப்படங்களில் இன்றும் 'லிங்க்ஸ்', அதாவது கண்ணிக் கணக்கில் எல்லைகள் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சிவில் பொறியியல் மாணவர்கள் போகும் சர்வே முகாம் அந்தக் காலத்தின் நேரடி வாரிசு. என் கணிப்பில், நம் பொறியியல் கல்வியில் இருக்கும் செய்முறைப் பயிற்சிகளில் மிகப் பழையதும் மிக உறுதியானதும் அதுவே.

பட்டறையின் காலம்

பள்ளி 1859-ல் கல்லூரியாகி, 1894-ல் இயந்திரப் பொறியியலும் சேர்ந்தபோது, கற்றல் களத்திலிருந்து பட்டறைக்கு நகர்ந்தது. அரம், உளி, உலை, கடைசல் எந்திரம் என்று மாணவர் கைக்கு வேறு கருவிகள் வந்தன. 1920-ல் கல்லூரி சேப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. இந்தப் பட்டறைப் பாடம் இன்றும் முதலாண்டில் நிற்கிறது. இரும்புத் தகட்டை அரத்தால் தேய்த்து 'வி' வடிவப் பொருத்தம் செய்யும் மாணவர், இரண்டு துண்டுகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். இடைவெளியில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடி அரத்தை எடுக்க வேண்டும். கண்ணும் கையும் ஒன்றையொன்று திருத்தும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாக எந்தத் திரையும் எதையும் கற்றுத்தர முடியாது. ஆயினும் செய்த பொருளை எடுத்துப் போய்ப் பயன்படுத்துவோர் எவருமில்லை. மதிப்பெண் போட்டபின் அது பழைய இரும்புக் குவியலுக்குப் போகிறது.

பட்டறைக்கும் உலகத்துக்கும் பாலம் போட முயன்ற முதல் பெயர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த அவர், கலைப் பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் வார்க்கும் முயற்சியைத் தொடங்கினார். குரோம் முறைத் தோல் பதனிடுதலுக்கு வழி காட்டினார். எண்ணெய் எஞ்சினும் மையவிலக்கு பம்பும் வைத்துக் கிணற்றுநீர் இறைக்கும் சோதனைகளை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுபோனார். கமலை இறைத்துக்கொண்டிருந்த ஒரு மாகாணத்தில் இது பெரிய காரியம். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு, அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று 1910-ல் கட்டளை அனுப்பியதோடு அந்த வேகம் முறிந்தது. சாட்டர்டன் 1912-ல் மைசூருக்குப் போய்விட்டார். அவர் எடுத்துக்கொண்ட கேள்விகள் விவசாயியுடையவை, பாத்திரம் செய்யும் கன்னாருடையவை, தோல் பதனிடுவோருடையவை. ஆனால் அது ஓர் அதிகாரியின் முனைப்பாகவே நடந்தது. அவர் போனபின் கல்லூரிப் பாடமாக வேர்பிடிக்கவில்லை. பின்வரும் நூறாண்டில் இதே கதை பலமுறை திரும்புகிறது.

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் கோயம்புத்தூர் இன்னொரு வழியைக் காட்டியது. பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-லேயே தொழிற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கியிருந்ததால், 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது உற்பத்தி நடக்கும் பட்டறை அதன் வளாகத்திலேயே இருந்தது. படிப்பும் தொழிற்சாலை வேலையும் மாறிமாறி வரும் 'சாண்ட்விச்' வகுப்புகள் அங்கே நிலைபெற்றதற்கு அதுவே அடிப்படை. ஜி.டி. நாயுடு 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கத் துணைநின்றார். நான்காண்டுப் படிப்பைப் பாதியில் முடிக்கலாம், மிச்சக் காலம் வேலையில் கழியட்டும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அந்தக் கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா கிண்டியில் மின்பொறியியல் முடித்து, பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றதும் நாற்பதுகளில்தான். பட்டம் மட்டும் போதாது, பட்டறையில் நின்றால்தான் பொறியாளர் என்று அன்றைய ஒழுங்கு ஒருவரையும் விட்டுவைக்காமல் கேட்டது.

ஊருக்குப் போன வழி

இதற்கு இணையாக, பொறியியலோடு தொடர்பில்லாமல், வேறொரு மரபு வளர்ந்துகொண்டிருந்தது. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியே எல்லாப் பாடமும் என்றது. அந்த எண்ணத்தைத் தமிழ் மண்ணில் நட்டவர்கள் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். 1947-ல் அவர்கள் நிறுவிய காந்திகிராமத்தில் மாணவர் ஊரில் தங்குவதும் ஊரின் வேலையில் கலப்பதும் கல்வியின் உடலாகவே இருந்தது. ராதாகிருஷ்ணன் குழுவும் கோத்தாரி குழுவும் மாணவர் சமூகப் பணியை வலியுறுத்தின. காந்தி நூற்றாண்டான 1969-ல் செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்ற அதன் அமைப்பைத் தமிழகத்தில் கல்லூரி வாசல் மிதித்த எவரும் அறிவார்.

அத்திட்டத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாதி, ஊர், வகுப்பு எல்லைகளைத் தாண்டி மாணவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்த முகாம்கள் அவை. ஆனால் பொறியியல் கல்லூரியில் அது ஒரு விசித்திரமான விளைவைத் தந்தது. வடிகால் வடிவமைப்பில் தேர்வெழுதிய மாணவர், முகாமில் தெருவைக் கூட்டினார். மின்சுற்றுப் படித்தவர் மரக்கன்று நட்டார். ஊருக்குப் போகும்போது படிப்பை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகும்படி அமைப்பே கேட்டது. சேவைக்கு ஒரு அலுவலர், திட்டப்பணிக்கு வேறொரு வழிகாட்டி. சான்றிதழ் ஓரிடத்தில், மதிப்பெண் வேறிடத்தில். பிரிவினை நிர்வாகத்தில் உறைந்துபோனது.

இதை உடைத்தவர்கள் எழுபதுகளில் வந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் அமூல்ய ரெட்டி 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கி, புகையில்லா அடுப்பையும் சாண எரிவாயுவையும் உயர்ந்த ஆய்வகத்தின் பொருளாக்கினார். சென்னையில் வேதிப் பொறியாளர் சி.வி. சேஷாத்திரி, முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை அமைத்து, சுருள்பாசி வளர்ப்பு முதல் மீனவர் தொழில்நுட்பம் வரை எடுத்துக்கொண்டார். கோட்டிவாக்கம் குப்பத்து மீனவர்களோடு சேர்ந்து அவர் கட்டுமரத்தைப் பற்றிச் செய்த வேலை, இக்கட்டுரையின் நோக்கில் மிக முக்கியமானது. கட்டுமரத்துக்கேற்ற இலேசான மரம் அருகிவந்த காலம் அது. அந்த வேலையில் கேள்வி மீனவருடையது, அனுபவ அறிவும் அவருடையது, கணக்கு பொறியாளருடையது. மீனவர் பயனாளியாக அங்கே நிற்கவில்லை, கூட்டாளியாக நின்றார். சேஷாத்திரி 1995-ல் மறைந்தார். அவரைச் சுற்றியிருந்த இளம் பொறியாளர்கள் பலர் பின்னாளில் தம் வழிகளில் அதைத் தொடர்ந்தாலும், பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அந்த மாதிரிக்கு இடம் கிடைக்கவில்லை.

பெருக்கமும் புதிய சட்டகங்களும்

1984 முதல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. 2001-ல் அவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட, ஒரு கட்டத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரே பாடத்திட்டத்தை நடத்தின. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இலட்சக்கணக்கில் உருவான வரலாறு இது. அதன் சமூகப் பயனைப் பட்டறைக் குறையோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் செய்முறை பலவீனப்பட்டது. கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்கு சென்னை ரிச்சி தெருவில் மின்னணுப் பலகைகள் வாங்கி, 'ப்ராஜெக்ட் சென்டர்' ஒன்றில் ஆயத்தமாகக் கிடைக்கும் அறிக்கையோடு சேர்த்துக் கட்டும் வழக்கம் பரவியது. திட்டப்பணிக்குக் கேட்பவர் இல்லாததே இதற்குக் காரணம் என்பது என் வாதம். பயன்படுத்தப்போகும் ஒருவர் எதிரே காத்திருந்தால், கடையில் வாங்கிய விடை நிற்காது.

மேல்தளத்தில் மாறான காட்சி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களும் ஆசிரியர்களும் இஸ்ரோவோடு உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் செயற்கைக்கோள் அதுவே. சென்னை ஐ.ஐ.டி.யில் முன்னாள் மாணவர்களின் கொடையால் 2008-ல் புத்தாக்க மையம் எழுந்தது. இவற்றிலெல்லாம் மாணவர் கை உண்மையாகவே பழகியது.

சமூகத் தரப்பில், 2014 நவம்பரில் உன்னத் பாரத் அபியான் தொடங்கியது. அதில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்றது. அடுத்த சில ஆண்டுகளில் தொழில்நுட்பக் கல்விக் குழு, பட்டம் பெற நூறு செயல்பாட்டுப் புள்ளிகள் வேண்டும் என்று விதித்தது. ஆனால் அந்தப் புள்ளிகள் மதிப்பெண் சராசரியில் சேராது. அதே 2014-ல் பொறியியல் பட்டங்களை நாடுகளிடையே ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பாகி, 'பொறியாளரும் சமூகமும்' என்பது பட்டதாரியின் தகுதிகளுள் ஒன்றாக ஏட்டில் ஏறியது. மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022-ல் வந்து, வேலைத்திறனை முன்னிறுத்தியது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1995-ல் தொடங்கிய எபிக்ஸ் திட்டத்தோடு இதை வைத்துப் பார்க்கலாம். அங்கே சமூகத் திட்டம் கிரெடிட் உள்ள பாடம். முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஒரு பருவத்தில் முடியாத வேலை அடுத்த பருவத்துக் குழுவிடம் போகும்; ஊர் அமைப்போடு உறவு ஆண்டுக்கணக்கில் நீளும். நம்மிடம் கிராமங்களும் உண்டு, மாணவர்களும் உண்டு. அந்தத் தொடர்ச்சிதான் இல்லை.

மீண்டும் மணல்திட்டுக்கு

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெங்கும் படிந்தது. தடித்த குழம்பை உறிஞ்ச முடியாமல் எந்திரங்கள் திணற, மீனவர்களும் தன்னார்வலர்களும் கல்லூரி மாணவர்களும் வாளிகளால் அள்ளினார்கள். கையால் செய்யும் சமூகப் பணியின் உச்சம் என்று அதைக் கொண்டாடியவர்கள் உண்டு. என் மனம் ஒப்பவில்லை. பாதுகாப்பு உடையில்லாமல் நச்செண்ணெயில் நின்ற இளைஞர்களைப் பொறியியல் கல்வி அங்கே கூலியாட்களாக மட்டுமே பார்த்தது. எண்ணெய்த் தடுப்பு மிதவை எங்கே இருந்திருக்க வேண்டும், நீரோட்டம் எந்தப் பக்கம், எத்தனை மணி நேரத்தில் எண்ணெய் கரை தொடும் என்ற கேள்விகள் முன்பே அவர்கள் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

அதற்கு மாறான உதாரணம் இப்பகுதியிலேயே இருக்கிறது. மீஞ்சூர், பஞ்செட்டி வட்டாரத்து நிலத்தடி நீரைச் சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் பல பத்தாண்டுகள் இறைத்ததில், கடல்நீர் கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் ஊடுருவிவிட்டது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம்வரை உவர்நீரைத் தள்ளி நிறுத்தும் என்பது கடலோர நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழே இழப்பு பெரிது. அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறைப் பேராசிரியர் எல். இளங்கோவின் குழு, ஆரணியாறு-கொசஸ்தலையாறு படுகையில் நீண்டகாலமாக இதை ஆய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்த 'சாப் பானி' திட்டத்தில் (2011–2014), பொன்னேரிக்கு வடகிழக்கே ஆண்டார்மடத்தில் ஒரு கசிவுநீர்க் குட்டையை வெட்டினார்கள். மழைநீர் வேகமாகக் கீழே இறங்கக் குட்டைக்குள் செறிவூட்டுக் குழாய்க் கிணறும் உண்டு. சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் தொடர்ந்து அளந்தார்கள். கேள்வி ஊருடையது, அளவு ஆய்வாளருடையது, குட்டை ஊரின் மண்ணில். ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கிடைத்த இந்த வாய்ப்பை இளநிலை வகுப்புக்கு இறக்குவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. மின்கடத்துதிறன் மானி சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி.

கடற்கரையும் அப்படியே. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். பழவேற்காட்டு முகத்துவாரம் தூர்வதும் மணலின் ஓட்டத்தோடு பிணைந்தது. முகத்துவாரம் அடைபட்டால் ஏரிக்குள் மீன்வரத்தும், 'பாடு' முறையில் தமக்குள் முறைவைத்து மீன்பிடிக்கும் குடும்பங்களின் வருமானமும் அடைபடும். இதை அளக்கச் செலவேறிய கருவி வேண்டியதில்லை. கே.ஓ. எமெரி 1961-ல் விவரித்த முறைக்கு அளவு குறித்த இரண்டு கம்புகளும், இடையே கட்டிய கயிறும் போதும். ஒரு கம்பைக் கடல்பக்கமும் இன்னொன்றைக் கரைப்பக்கமும் நிறுத்தி, கடல்பக்கக் கம்பின் உச்சியைத் தொடுவானத்தோடு நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்தால், அந்தப் பார்வைக்கோடு கரைப்பக்கக் கம்பை எங்கே வெட்டுகிறதோ அதுவே இறக்கத்தின் அளவு. கம்புகளை நகர்த்தி நகர்த்தி நீர்விளிம்புவரை போனால் கரையின் சரிவு முழுவதும் தாளில் வந்துவிடும். ஒரே இடத்தில் மாதந்தோறும் எடுத்தால் மணல் போன கதை வெளிப்படும். எந்த மாதம் எங்கே வலை இழுக்க முடியாமல் போனது என்று குப்பத்துப் பெரியவர் சொல்வதை அதன் அருகே எழுதிக்கொள்ளலாம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டு, அதற்கான பொது விசாரணை 2021-லும் 2023-லும் தள்ளிப்போன பின்னணியில் இத்தகைய பதிவுகளுக்கு எடை கூடுகிறது. திட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் கரையின் அளவுகளைத்தான் ஆதாரமாக வைக்கிறார்கள். அந்த அளவுகள் நிறுவனத்தின் ஆலோசகரிடம் மட்டும் இருந்தால் ஊர் பேசும்போது வெறுங்கையோடு நிற்க நேரும்.

எனவே நடைமுறையில் செய்யத்தக்கது புதிய திட்டம் ஒன்றன்று. சர்வே முகாம் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, கிரெடிட்டும் உண்டு. கவரைப்பேட்டைக்கும் மீஞ்சூருக்கும் இடைப்பட்ட கல்லூரிகள் அந்த முகாமைக் காட்டுப்பள்ளி, பழவேற்காடு கரையில் நடத்தலாம். ஒரு கல்லூரி கரையின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வோராண்டும் அதே குறியிடங்களில் அளக்கலாம். சென்ற ஆண்டுக் குழுவின் பதிவேட்டைச் சரிபார்ப்பது இந்த ஆண்டுக் குழுவின் முதல் நாள் வேலையாக இருக்கட்டும். எதை அளப்பது என்பதை முகாமுக்கு முன்பே குப்பத்து மீனவர் பஞ்சாயத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். முகாம் அறிக்கையைத் தமிழிலும் எழுதி, வரைபடங்களோடு ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும், ஒரு படி மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் வைக்க வேண்டும். மதிப்பெண் போடும் நாளில் ஊர் தரப்பிலிருந்து ஒருவர் தேர்வாளரோடு உட்கார்ந்து கேள்வி கேட்க, பல்கலைக்கழகம் விதிமுறையில் இடம் தர வேண்டும்.